கதவுக்கு ஒன்பது பக்கப் படிவம்

நாற்பத்து நான்கு வயதாகியும் அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவள் என்று ஓர் அக்கா இருக்கிற வரைக்கும் அந்தப் பெயர் மாறப் போவதில்லை. கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் கணவர்கூட அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது, நகரக் குடிநீர் அலுவலகத்தின் நியமனக் கடிதத்தில் மட்டும்தான் அவளுடைய முழுப்பெயர் இருந்தது. அதிலும் ஓர் எழுத்துப்பிழை.

வேலை என்னவென்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆறு வருடங்களில் 'தண்ணீர் வரவில்லை' என்று நாற்பதாயிரம் புகார்கள் வந்து குவிந்திருந்தன. இந்த நாற்பதாயிரமும் உண்மையில் எத்தனை வீடுகளிலிருந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது. ஒரே வீட்டுக்காரர் ஒரு மாதம் '14 பி' என்று எழுதுவார், அடுத்த மாதம் 'பதினாலு, பி' என்பார், கோபம் வந்துவிட்டால் 'பேக்கரிக்கு எதிரே மாடி வீடு, எத்தனை தடவைதான் சொல்வது' என்று முடித்துவிடுவார். கணினியைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று வீடு. இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, வீடு வாரியாகப் பட்டியல் எடுக்க ஒரு நிரல் எழுத வேண்டும். மூன்று மாதம் அவகாசம்.

பிரிவுத் தலைவர் இதைச் சொன்னபோது சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வெளியே தெரியக் கூடாதே என்றுதான். ஏனென்றால் இந்த ஒரு வேலையைச் செய்வதற்கென்றே உலகத்தில் ஒரு நிரல் இருந்தது. அதை எழுதியது அவள்தான்.

அந்தக் கதை இப்படி. அவளுடைய கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பற்களைச் செய்து, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு மருத்துவரும் தன் முகவரியை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் பெட்டிகள் இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தன. ஒருமுறை ஒரு பெரியவருடைய பல்செட் வேறொரு பெரியவருக்குப் போய், அதை அவர் மாட்டிப் பார்த்து, தன்னுடையதைவிட இதுதான் நன்றாகப் பொருந்துகிறது என்று திருப்பித் தர மறுத்துவிட்டார். அந்தப் பஞ்சாயத்து முடிய இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு சின்னவள், ராத்திரி மகள் தூங்கும் நேரங்களில் உட்கார்ந்து, எப்படி எழுதினாலும் ஒரே முகவரியை ஒன்றென்று கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதினாள். கதவு என்று பெயர் வைத்தாள். பிறகு, யாருக்காவது உதவட்டும் என்று இணையத்தில் பொதுவில் போட்டுவிட்டாள். எழுதியவர் பெயர் என்ற இடத்தில் வழக்கம்போல 'சின்னவள்' என்று அடித்தாள்.

நிரல் எழுதுகிறவர்கள் இப்படிப்பட்டதை லைப்ரரி என்பார்கள். ஒருவர் எழுதி வைத்ததை இன்னொருவர் அப்படியே எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கதவை அப்படி எடுத்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பார்சல் கம்பெனிகள், மருத்துவமனைகள், எங்கோ ஒரு தீவின் தபால் நிலையம் என்று அது அவளுக்கே தெரியாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வீட்டிலிருந்தபடியே, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி, பிழைகளைத் திருத்தி, இத்தனை வருடம் அதை வளர்த்து வந்தாள்.

ஆகவே மூன்று மாத வேலையை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று அவள் நினைத்ததில் தவறில்லை. அலுவலகம் என்ற ஒன்றை மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

கணினி ஒரு பிரிவிலிருந்து வந்தது. அதற்கான மின்கம்பி வேறொரு பிரிவுக்குச் சொந்தம். கடவுச்சொல் மூன்றாவது பிரிவில், மூடிய உறையில், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். உறையைப் பிரித்தால் அது போன வருடம் ஓய்வு பெற்றவருடைய கடவுச்சொல். இதெல்லாம் சரியாகி, பைத்தான் என்ற நிரல்மொழியைக் கணினியில் ஏற்ற ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காலை அவள் கறுப்புத் திரையில் கதவை நிறுவுவதற்கான ஒற்றை வரியை அடித்து, விசையைத் தட்டினாள். திரை யோசித்துவிட்டுப் பதில் சொன்னது: அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.

நிர்வாகி என்றால் கணினிப் பாதுகாப்பு அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். நேரில் 'சார்' என்பார்கள், அவர் நகர்ந்ததும் 'பூட்டு' என்பார்கள். எந்தக் கணினியிலும் இணையம் கிடையாது. பென் டிரைவ் செருகும் துளைகளில் அவரே தன் கையால் பசை ஊற்றி அடைத்திருந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் பாட்டுக் கேட்பதற்காகச் செருகிய பென் டிரைவ் வழியே வைரஸ் நுழைந்து, நான்கு நாள் ஒரு ரசீதுகூட அச்சாகவில்லை. பாட்டுக் கேட்டவர் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார். நான்கு நாளும் கவுன்டரில் நின்று மக்களிடம் திட்டு வாங்கியது பூட்டு. சூடு கண்ட பூனை.

அவளுடைய விண்ணப்பத்தை அவர் படித்துப் பார்த்தார். 'வெளி லைப்ரரி ஒன்று தேவைப்படுகிறது' என்று எழுதியிருந்தாள். முறைப்படி அது தபால் பிரிவுக்குப் போய், அங்கிருந்து யாரோ பொறுப்பாக மூன்றாம் மாடி வாசகசாலைக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: அலுவலக வாசகசாலையிலேயே போதிய நூல்கள் உள்ளன, வெளி நூலக உறுப்பினர் கட்டணம் வழங்க விதியில் இடமில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தில் லைப்ரரி என்ற சொல்லையே தவிர்த்துவிட்டாள். அதற்கு ஒன்பது பக்கப் படிவம் வந்தது. தயாரிப்பாளர் பெயர், நிறுவனம் தொடங்கிய வருடம், ஊழியர் எண்ணிக்கை, தொழிற்சாலையின் பரப்பளவு, தீயணைப்பு வசதி உண்டா. சின்னவள் சாப்பாட்டு மேசையில் வைத்து அதை உண்மையாகவே நிரப்பினாள். ஊழியர் எண்ணிக்கை: ஒன்று. பரப்பளவு: சாப்பாட்டு மேசையின் பாதி. தீயணைப்பு வசதி என்ற இடத்தில் யோசித்தபோது, குளியலறையில் வாளி இருக்கிறதே என்று மகள் எடுத்துக்கொடுத்தாள். அதையும் எழுதினாள்.

போனில் இதைக் கேட்ட பெரியவள் சிரிக்கவில்லை. எட்டு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு வேலை கொடுத்ததே பெரிய விஷயம், கொடுத்த காகிதத்தை வாயை மூடிக்கொண்டு நிரப்பு என்று புத்தி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

படிவம் திரும்பி வந்தது. தயாரிப்பாளர் நம்பத்தகுந்தவர்தானா என்பதற்கு, அவரை நேரில் அறிந்தவர் சான்று தர வேண்டும் என்று ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு. இனி மறைத்துப் பயனில்லை என்று சின்னவள் நேராகப் பூட்டின் அறைக்குப் போனாள்.

"சார், இதை எழுதினது நான்தான்."

"எதை? படிவத்தையா?"

"கதவை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நம்பாதவர் போல அவர் பார்க்கவில்லை. கணக்குப் போடுகிறவர் போலப் பார்த்தார்.

"சரி, உண்மைன்னே வெச்சுக்குவோம். அப்போ இது வெளி மென்பொருள் கிடையாது, உள் மென்பொருள். உள் மென்பொருள்னா அலுவலக நேரத்துல, அலுவலக மெஷின்ல எழுதியிருக்கணும். அப்படி எழுதினீங்களா?"

"இல்ல சார். வீட்ல எழுதினது. பொண்ணு தூங்கற நேரத்துல."

"அப்போ வெளி."

"சரி சார், வெளியாவே இருக்கட்டும்."

"வெளின்னா தயாரிப்பாளர் இங்க வேலை பார்க்கிறவரா இருக்கக் கூடாது. நீங்க பார்க்கறீங்களே."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம்கூட எள்ளல் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். விதிப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கே சாமியே வரிசையில் நின்று, பூசாரியிடம் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

பிரிவுத் தலைவரிடம் போனாள். அவர் எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவர். 'ஆகட்டும், பார்க்கலாம்' என்பார். அதனால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். ஆகட்டும் சார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் சிக்கல் இருப்பதால் வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிட்டு மதிப்பீடு செய்யச் சொல்லலாம் என்றார். அவள்தான் எழுதியது என்ற பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், குழம்பும் என்றும் சொன்னார்.

ஆலோசகர் வந்தார். நல்ல உயரம், நல்ல சட்டை, கையில் ஒரு சின்னக் குச்சி. அதன் நுனியிலிருந்து சிவப்பு ஒளி வரும். மதிப்பீட்டுக்கென்று அமைத்த குழுவின் ஐந்து உறுப்பினர்களும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சின்னவளைப் பின்னால் உட்கார வைத்தார்கள். பூட்டு ஓரமாக அமர்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதினார்.

ஆலோசகர் சுவரில் படம் படமாகக் காட்டிக் கதவை விளக்கினார். இரண்டாவது படத்திலேயே சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. கதவின் இணையப் பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்த விளக்கத்தை வரி மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார். 'முகவறி' என்று அவள் எப்போதோ செய்த எழுத்துப்பிழைகூட அப்படியே, கொட்டை எழுத்தில், சுவரில் நின்றது. ஈயடிச்சான் காப்பி என்பதற்கு ஈ சகிதம் சாட்சி.

குழுவில் ஒருவர், இதைத் தயாரித்தவரைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

"நல்லாத் தெரியும். நானும் அவரும் அடிக்கடி பேசுவோம். வயசானவர், வெள்ளைத் தாடி. கொஞ்சம் கோபக்காரர். ஆனா தங்கமான மனுஷன்."

சின்னவள் தன்னை அறியாமல் முகவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எழுதிக்கொண்டிருந்த பூட்டின் பேனா நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஆலோசகர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். அவர் கடமை அது. ஆனால் எழுதும்போது அவர் காது சிவந்திருந்ததை அவள் கவனித்தாள்.

அவள் கை தூக்கி, இரண்டு வீட்டுக்கு ஒரே எண் இருந்தால் கதவு என்ன செய்யும் என்று கேட்டாள். ஆலோசகர் கனிவாகச் சிரித்தார். இதெல்லாம் கொஞ்சம் ஆழமான விஷயம், நீங்கள் போகப் போகக் கற்றுக்கொள்வீர்கள் என்றார். தங்கள் வசதிக்காக எளிமையாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, தவறான பதிலைச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து, முன்னறையில் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும், தாடியை மட்டும் வைத்துக்கொள்ளாதே, முகத்துக்குப் பொருந்தாது என்றார். அவளுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது கை பாதியில் நின்றது. மனிதர் பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை; அந்தக் கூட்டத்தில் யாருக்குமே அந்த வேலையைச் செய்தவள் ஒரு பெண்ணாக, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவளாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லையே என்பதுதான் உறுத்தியது.

ஆலோசகரின் அறிக்கை எண்பது பக்கம். கதவு நம்பத்தகுந்தது, நிறுவலாம், ஆனால் தயாரிப்பாளர் நேரில் வந்து ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தர வேண்டும் என்று நிபந்தனை. தாடிக்காரர் வரமாட்டார், பயிற்சிக்கும் தன்னையே கூப்பிடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். 'மதிப்பிற்குரிய திரு. சின்னவள் அவர்களுக்கு' என்று கடிதம் அடித்து, பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பட்டறையில் பல்லும் பிசினுமாக இருந்த கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

என்ன செய்வதென்று வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அவள் போனால் ஊழியர், தயாரிப்பாளர் அல்ல. விடுப்பு எடுத்துக்கொண்டு போனாலும் ஊழியர்தான். மறுநாள் காலையில் பூட்டிடம் கேட்டே பார்த்துவிட்டாள். அவர் வெகுநேரம் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனார். தயாரிப்பாளர் வர இயலாதபோது எழுத்துமூலம் நியமிக்கப்பட்ட பிரதிநிதி வரலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. பத்து வருடத்தில் பூட்டு யாருக்கும் திறந்து காட்டாத வரி.

இப்படியாகப் பல்செட் செய்கிறவர், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது முறையாக முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பயிற்சியளிக்கக் குடிநீர் அலுவலகத்துக்குப் போனார். பொய் மட்டும் சொல்ல மாட்டேன், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தார். யாரும் கேட்கப் போவதில்லை என்று சின்னவள் சமாதானம் சொன்னாள்.

கூட்டத்தில் முப்பது பேர். ஆலோசகரும் வந்திருந்தார், அறிக்கை எழுதியவர் என்ற முறையில் முதல் நாற்காலி. ஆகட்டும் சார் எழுந்து, தயாரிப்பாளரின் பிரதிநிதி வந்திருப்பதாக அறிமுகம் செய்தார். ஆலோசகர் உடனே எழுந்து வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நம்ம சின்னவள் எப்படி இருக்கார்? பார்த்து ரொம்ப நாளாச்சு."

"நல்லா இருக்காங்க," என்றார் கணவர். "அதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. என் சம்சாரம்."

முப்பது தலையும் திரும்பின.  சின்னவள் எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து அப்படியே நின்றாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போக வேண்டும். ஆலோசகர் போகவில்லை. ஒரு நொடி வாய் திறந்திருந்தது. அடுத்த நொடி அதே வாய் சிரித்தது. "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். தன்னடக்கம். தயாரிப்பாளருடைய அடையாளத்தை நான் ரகசியமா வெச்சிருந்தது அதுக்காகத்தான்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

குழுவில் மூத்தவர், அப்படியானால் இந்தக் கூட்டமே செல்லாதே என்று ஆரம்பித்தார். ஊழியர் எப்படித் தயாரிப்பாளராக இருக்க முடியும்? எல்லோரும் ஆகட்டும் சாரைப் பார்த்தார்கள். ஆகட்டும் சார் பூட்டைப் பார்த்தார்.

பூட்டு எழுந்தார். கையில் விதிப் புத்தகம் இல்லை.

"நிபந்தனை என்ன? தயாரிப்பாளர் நேரில வரணும். வந்திருக்காங்க. பயிற்சியைப் பிரதிநிதி கொடுக்கலாம். அவரும் வந்திருக்கார். ஊழியர்கள் கேள்வி கேட்கலாம்னு இருக்கு. எவ்வளவு நீளமாக் கேட்கலாம்னு எங்கயும் இல்ல."

அதன் பிறகு நடந்த பயிற்சியைப் பற்றி அந்த அலுவலகத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பல்செட் செய்கிறவர் மேடையில் கணினிக்குப் பக்கத்தில் நின்றார். சின்னவள் மூன்றாவது வரிசையிலிருந்து கேள்வி கேட்டாள். "முதல்ல முகவரியை எண், தெரு, அடையாளம்னு மூணா உடைக்கணும், அப்படித்தானே?" என்பாள். "அப்படித்தான்," என்பார் அவர். "அதுக்கப்புறம் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா ஒப்பிட்டு, மூணுல ரெண்டு பொருந்தினா ஒரே வீடுன்னு எடுத்துக்கலாம், இல்லையா?" என்பாள். "எடுத்துக்கலாம்," என்பார். ஒரே ஒரு தடவை அவராகவே பேசினார். யாரோ ஒருவர், மூன்றும் பொருந்தினால்தானே உறுதி என்று கேட்டபோது, அளவெடுத்த பல்லே வாயில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ரொம்ப இறுக்கினால் ஈறு புண்ணாகிவிடும் என்றார். ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார்.

நடவடிக்கைக் குறிப்பில் பூட்டு ஒரே வரியாக எழுதினார்: தயாரிப்பாளர் நேரில் வந்திருந்தார்.

அனுமதி வந்தது. கணினிகளின் துளைகளிலெல்லாம் பசை இருந்ததால், பசை ஊற்றாத ஒரே கணினியை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து, மூன்று பேர் முன்னிலையில் திறந்தார்கள். கதவு ஏறுவதற்குப் பதினோரு வினாடி பிடித்தது. சின்னவள் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளைப் பள்ளியில் முதல் நாள் விட்டுவிட்டு வாசலில் நின்றது போல இருந்தது.

பார்த்தால், அது இரண்டு வருடத்துக்கு முந்திய பதிப்பு. ஆலோசகர் மதிப்பிட்டது அதைத்தான், அதற்குத்தான் அனுமதி. மேலத்தெருவையும் கீழத்தெருவையும் ஒன்றென்று நினைக்கும் பிழை ஒன்று அதில் இருந்தது. அவளே கண்டுபிடித்து, வெட்கப்பட்டு, என்றோ திருத்திவிட்ட பிழை. புதிய பதிப்புக்கு மறுபடி ஒன்பது பக்கம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைத் தெரியும். தன்னுடைய திரிந்த பாலையே அனுமதி பெற்றுக் குடித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். நல்லவேளை, திருத்தத்தை மட்டும் தனிக் கோப்பாக, அலுவலக நேரத்தில், அலுவலக மெஷினில் எழுதினால் அது உள் மென்பொருள். அதற்குப் படிவமே வேண்டாம் என்று பூட்டு தானாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாளில் வேலை முடிந்தது. நாற்பதாயிரம் புகார்களும் சுருங்கி, அறுநூற்றுப் பதினொரு வீடுகளாக நின்றன. சின்னவள் பிழையென்று நினைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கையாலேயே நூறு புகார்களைச் சரிபார்த்தாள். பிழையில்லை. ஆறு வருடமாக அதே அறுநூற்றுப் பதினொரு வீடுகள் எழுதிக்கொண்டே இருந்திருக்கின்றன. சில வீடுகள் இருநூறு தடவை. அதில் ஒரு பெண்மணி, ஒவ்வொரு புகாரையும் 'உங்கள் உடல்நலம் எப்படி உள்ளது' என்று ஆரம்பித்திருந்தாள். முதல் ஐம்பது புகார்கள் வரைக்கும்.

பட்டியலை ஆகட்டும் சாரிடம் கொடுத்தபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. நாற்பதாயிரம் என்றால் அது நகரத்தின் பிரச்சினை. மேலே எழுதலாம், ஆள் கேட்கலாம், ஆய்வு நடத்தலாம். அறுநூற்றுப் பதினொன்று என்றால் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றல்லவா கேட்பார்கள்? இவ்வளவு பாடுபட்டு நிறுவிய மென்பொருள் இவ்வளவு சின்ன எண்ணையா கொடுக்கும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆற்றாமை. "ஆகட்டும், பார்க்கலாம்," என்று சொல்லி இழுப்பறையில் வைத்தார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பட்டியலின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் பின்பக்கம் குழாய்களும் வளையங்களும் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் போனாள். அங்கே குழாய் மேஸ்திரி தரையில் உட்கார்ந்து ஒரு வால்வைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பட்டியலை வாங்கி, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"எல்லாம் நாலே தெரு. நாலுக்கும் ஒரே லைன்தாம்மா. நாங்க வீடு வீடாப் போய்க் குழாயைத் தட்டிப் பார்த்துட்டு வந்துட்டிருந்தோம். இதை இப்படிச் சேர்த்து யாரும் எங்களுக்குக் காட்டலையே."

மறுநாள் நான்கு ஆட்களோடு போய்த் தோண்டினார். தெருமுனையில், சாலை போட்டவர்கள் மேலே தார் ஊற்றி மூடிவிட்ட ஒரு வால்வு, முக்கால்வாசி அடைத்த நிலையில், ஆறு வருடமாக மண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. அதைத் திறக்க அரை மணி நேரம். மத்தியானம் அவர் சின்னவளைப் போனில் கூப்பிட்டு, தெருவில் நின்றபடியே அதைத் தூக்கிப் பிடித்தார்.  யார் வீட்டு முற்றத்திலோ குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதை முழுவதும் கேட்டாள். வாளி நிரம்பி வழிகிற வரைக்கும்.

அடுத்த மாதம் புகார்ப் பிரிவுக்கு ஒரு புகாரும் வரவில்லை. அங்கிருந்த பதினொரு பேரும் பதறிப்போய், கணினி கெட்டுவிட்டதா என்று பூட்டைக் கேட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும், புகார்கள் திடீரென்று குறைந்ததன் காரணத்தை ஆராய ஆலோசகரைக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. அவருடைய முதல் படத்தில் பல்லும் ஈறும் இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சின்னவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அலுவலகத் தரவுகளை உரிய அனுமதியின்றிப் பராமரிப்புப் பிரிவுக்கு வழங்கியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கணவரும் மகளும் ஆளுக்கொரு விதமாகப் பதில் எழுதிக் கொடுத்தார்கள். அவள் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, 'தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள்' என்று ஒரே வரியில் விளக்கம் எழுதி, கீழே தன் முழுப்பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த விளக்கம் போதுமானதுதானா என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். குழு இன்னும் கூடவில்லை.